விமானத்துக்கு எண்ணெய் தருமா நம் காடு?

பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு பக்கத்துக் களங்களில் தேங்காய் தரம் பிரிக்கும்போது ஒரு குவியல் எப்போதும் தனியே ஒதுங்கும். முளை விட்ட காய், கீறல் விழுந்த காய், ஈரியோபைட் சிலந்தி தாக்கிச் சிறுத்துப்போன காய் எல்லாம் அதில் கிடக்கும். விலை பேசும்போது வியாபாரி 'கழிவு' என்ற ஒரே வார்த்தையில் அதைத் தள்ளிவிடுவார். அந்தக் குவியலின் மீது இப்போது யாரும் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து பார்வை விழுந்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் இயங்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம், விமான எரிபொருள் தயாரிக்கத் தகுந்த மூலப்பொருட்களின் பட்டியலில் தரம் குறைந்த தேங்காயையும் சேர்த்திருக்கிறது.

நல்ல செய்திதான். ஆனால் இப்படி ஒரு செய்தி ஊருக்குள் வந்தால், கன்று விற்பவரும் ஒப்பந்தத் தாளைக் கொண்டுவருபவரும் அதன் பின்னாலேயே வருவது வழக்கம். இருபது ஆண்டுகளுக்கு முன் காட்டாமணக்கு அப்படித்தான் வந்தது. அதை நட்டவர்கள் பலர் இன்னும் இதே ஊர்களில் இருக்கிறார்கள். ஆகவே இந்த முறை, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

விமானத்துக்கு ஏன் வேறு எண்ணெய்?

'வளங்குன்றா வளர்ச்சி' என்ற சொல் இப்போது எல்லா மேடைகளிலும் கேட்கிறது. இன்றைய தேவைக்காக நாளைய தலைமுறையின் பிழைப்பைக் கெடுக்காமல் வளர்வது என்று 1987இல் ஐ.நா. அமைத்த ஆணையம் அதற்கு விளக்கம் தந்தது. விவசாயிக்கு இது புதிய பாடமல்ல. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கைவைக்கக் கூடாது என்பதும் இதே பாடம்தான்.

விமானத் துறைக்கு இந்தப் பாடம் தாமதமாக வந்தது. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் சுமார் 3.16 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. உலகம் முழுவதும் மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு 2 முதல் 2.5 சதவீதம். அளவு சிறியதாகத் தெரிந்தாலும், மற்ற துறைகளைப் போல இதை எளிதில் குறைக்க முடியாது. பேருந்தையும் ஸ்கூட்டரையும் மின்சாரத்தில் ஓட்டிவிடலாம். விமானத்தில் எடைதான் சிக்கல். ஒரு கிலோ விமான எரிபொருளில் அடங்கிய ஆற்றலைச் சேமிக்க, இன்றைய பேட்டரியில் 40 கிலோவுக்கும் மேல் தேவை. அத்தனை பேட்டரியைச் சுமந்துகொண்டு பெரிய விமானம் மேலே எழும்பாது.

எனவேதான், இப்போதுள்ள எஞ்சினிலேயே எரியக்கூடிய, ஆனால் பூமிக்கடியிலிருந்து எடுக்காத எரிபொருளை உலகம் தேடுகிறது. 2050க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவது என்ற இலக்கை 2022 அக்டோபரில் உலக நாடுகள் ஏற்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் 2 சதவீதமும் 2030 முதல் 6 சதவீதமும் இத்தகைய எரிபொருளைக் கலக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. இந்தியா, சர்வதேச விமானங்களுக்கு 2027இல் 1 சதவீதமும் 2028இல் 2 சதவீதமும் என்று இலக்கு வைத்துள்ளது. கோவையிலிருந்து சிங்கப்பூர், சார்ஜா செல்லும் விமானங்களும் இந்தக் கணக்கில் வருபவையே.

மார்கழியில் உறையும் எண்ணெய் எப்படிப் பறக்கும்?

மார்கழிக் குளிரில் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்துவிடுகிறது. விமானம் பறக்கும் 35,000 அடி உயரத்தில் வெளியே மைனஸ் 50 டிகிரிக் குளிர் இருக்கும். அங்கே செக்கில் ஆட்டிய எண்ணெயை அப்படியே ஊற்ற முடியாது. ஆலையில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி எண்ணெயில் உள்ள ஆக்சிஜனை நீக்குகிறார்கள். பிறகு நீண்ட மூலக்கூறுகளை உடைத்து, கிளைவிட்ட வடிவுக்கு மாற்றுகிறார்கள். அப்போதுதான் மைனஸ் 47 டிகிரி வரை உறையாத எரிபொருளாக அது மாறும். பழைய சமையல் எண்ணெய், புங்க எண்ணெய், காட்டாமணக்கு எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

இன்னொரு வழி சாராயத்திலிருந்து போவது. கரும்பு மொலாசஸ், மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹாலை வேதிமுறையில் விமான எரிபொருளாக மாற்றுகிறார்கள். மூன்றாவது வழியில் வைக்கோல், பருத்திமாறு, மரக்கழிவு போன்றவற்றை அதிக வெப்பத்தில் வாயுவாக்கி, பிறகு அந்த வாயுவை எரிபொருளாக்குகிறார்கள். எந்த வழியில் தயாரித்தாலும், இப்போதுள்ள விதிகளின்படி சாதாரண விமான எரிபொருளுடன் அதிகபட்சம் பாதிக்குப் பாதிதான் கலக்கலாம்.

பயிர் வளரும்போது காற்றிலிருந்து இழுத்த கரியமில வாயுதான் எரியும்போது திரும்பப் போகிறது, அதனால் லாப நட்டம் இல்லை என்பது இதன் அடிப்படை. ஆனால் அந்தப் பயிருக்குப் போட்ட யூரியா இயற்கை எரிவாயுவைக் கொண்டு தயாரிக்கப்பட்டது. உழுத டிராக்டருக்கு டீசல் போனது. போர்வெல் மோட்டாருக்கு மின்சாரம் போனது. இவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் உண்மையான மிச்சம் தெரியும். ஒரே எண்ணெய்தான் என்றாலும், புதிதாக நிலத்தில் விளைவித்ததைவிடக் கழிவிலிருந்து கிடைத்தது மேல் என்று சொல்வது இதனால்தான்.

ஒரு சென்னைப் பயணத்துக்கு எத்தனை தேங்காய்?

தேங்காய் எண்ணெயில் விமானம் பறந்தது புதிதல்ல. 2008 பிப்ரவரியில் வர்ஜின் அட்லாண்டிக் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குச் சோதனையாகப் பறந்தது. அதன் நான்கு எஞ்சின்களில் ஒன்றுக்கு மட்டும், தேங்காய் எண்ணெயும் பிரேசில் நாட்டு பபாசு எண்ணெயும் சேர்ந்த எரிபொருளை 20 சதவீதம் கலந்து கொடுத்தார்கள்.

இதை நம் தோப்புக் கணக்கில் பார்க்கலாம். கோவையிலிருந்து சென்னைக்கு ஒரு நடுத்தர ஜெட் விமானம் சுமார் 2,500 கிலோ எரிபொருளை எரிக்கிறது. ஒரு கிலோ எரிபொருள் எடுக்க, குறைந்தது 1.2 கிலோ எண்ணெய் வேண்டும். அதாவது 3,000 கிலோ தேங்காய் எண்ணெய். ஒரு கிலோ கொப்பரைக்கு ஏழு காய், கொப்பரையில் எண்ணெய் 62 முதல் 65 சதவீதம் என்று வைத்தால், ஒரு கிலோ எண்ணெய்க்கு பத்து, பதினொரு காய் போகும். மொத்தம் 30,000 காய்களுக்கும் மேல். ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு 100 காய் என்று நல்ல பராமரிப்பில் காய்க்கும் தோப்பில்கூட இது நான்கரை ஏக்கரின் ஓராண்டு விளைச்சல். அது முழுவதும் ஒரே ஒரு சென்னைப் பயணத்தில் எரிந்துவிடும்.

அதே பயணத்தில் 1 சதவீதம் மட்டும் கலப்பதென்றால் 300 காய் போதும். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். ஒதுக்கிய காய்களைக் கொண்டு சிறு பங்கைத் தரலாம். தோப்பையே கொடுத்தாலும் விமானத்தின் பசி அடங்காது.

காட்டாமணக்கு விட்டுச்சென்ற கணக்கு

2003இல் மத்திய திட்டக்குழு அமைத்த குழு, டீசலில் 20 சதவீதம் தாவர எண்ணெய் கலக்கலாம் என்றும், அதற்கு நாடு முழுவதும் ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேலான நிலத்தில் காட்டாமணக்கு நடலாம் என்றும் சொன்னது. தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, தரிசிலும் வளரும் என்பதுதான் அன்றைய பேச்சு. தமிழ்நாட்டில் மானியக் கன்றுகளும் கூட்டுறவுக் கடனும் வந்தன. ஒப்பந்த முறையில் நிறுவனங்களும் வந்தன. கோவை மாவட்டத்தின் மானாவாரிக் காடுகளில் நிலக்கடலையும் சோளமும் இருந்த இடத்தில் காட்டாமணக்கு ஏறியது.

சொன்னதில் பாதி உண்மை. காட்டாமணக்கு தண்ணீரில்லாமல் சாகாது. ஆனால் தண்ணீரில்லாமல் காய்க்கவும் செய்யாது. செடி உயிரோடு இருப்பதையும் மகசூல் தருவதையும் ஒன்றாக எண்ணியதுதான் பிழை. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் காட்டாமணக்கு நட்ட விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. எதிர்பார்த்ததைவிட மகசூல் மிகக் குறைவு, தண்ணீர் வசதி உள்ளவருக்கே ஓரளவாவது கட்டுப்படியாகும், ஏழை விவசாயிகளையே இந்தப் பயிர் அதிகம் நலிவுறச் செய்தது என்பவை அதன் முடிவுகள்.

இன்னொரு இழப்பு கணக்கில் எழுதப்படாமலே போனது. நிலக்கடலை போட்டால் காய் வருகிறது, கொடி மாட்டுக்குத் தீவனமாகிறது, பிண்ணாக்கும் கிடைக்கிறது. சோளம் போட்டால் தட்டு கிடைக்கிறது. காட்டாமணக்கின் இலையும் நச்சு, பிண்ணாக்கும் நச்சு. எனவே பயிர் மாறிய வீட்டில் முதலில் குறைந்தது கட்டுத்தறி மாடுதான். மாடு குறைந்தால் வீட்டுப் பாலும் காட்டுக்கு எருவும் குறையும். வீட்டுப் பெண்கள் கையில் புழங்கும் பால் பணமும் நின்றுபோகும்.

கதை அத்தோடு முடியவில்லை. 2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் ஒன்று, காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளை 25 சதவீதம் கலந்து பறந்தது. எரிபொருளைத் தயாரித்தது டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம். விதை, சத்தீஸ்கரைச் சேர்ந்த சுமார் 500 விவசாயக் குடும்பங்களிடமிருந்து வந்தது. 2019 குடியரசு தின அணிவகுப்பில் விமானப்படையின் ஏ.என்.-32 விமானமும் உயிரி எரிபொருள் கலந்து பறந்தது. நம் விஞ்ஞானிகளின் திறமைக்கு இவை சான்று. ஆனால் விமானம் பறந்தது என்பதால் அந்தப் பயிர் விவசாயிக்குக் கட்டுப்படியாகிவிட்டது என்று பொருளாகாது. ஆய்வுக்கூடத்தில் வென்ற ஒன்று காட்டில் தோற்கலாம் என்பதைக் கொங்குப் பகுதி ஏற்கெனவே விலை கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்கிறது.

'தரிசு' என்பது யார் வைத்த பெயர்?

எரிபொருள் பயிர்த் திட்டங்கள் எல்லாமே 'பயனில்லாத தரிசு நிலத்தில்தானே நடப்போகிறோம்' என்று தொடங்கும். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போனால் அப்படிப் பார்வைக்குத் தெரியும் நிலம் ஏராளம். உழவில்லை, வரப்பில்லை. கிளுவை வேலி, நடுவே வெள்வேல் மரங்கள், கீழே கொளுக்கட்டைப் புல். அதுதான் கொரங்காடு. காங்கேயம் மாடும் மயிலம்பாடி ஆடும் மேய்ந்து வளர்ந்த மேய்ச்சல் காடு.

ஆண்டுக்குச் சில மழை கிடைத்தாலே புல் எழும்பும். புல் வறண்ட கோடையில் வெள்வேல் நெற்றை ஆடுகள் தின்னும். உரம், மருந்து, பம்புசெட் எதுவும் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக மண்ணும் கெடாமல் மந்தையும் குறையாமல் இருந்துவரும் இந்த ஏற்பாட்டைவிட வளங்குன்றா வளர்ச்சிக்கு நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. விமானத்தின் புகையைக் குறைப்பதற்காகக் கொரங்காட்டை உழுதால், மண்ணில் சேர்ந்திருந்த கரிமச்சத்து காற்றோடு போகும், மந்தையும் போகும். சர்வதேச விதிகளே இதை ஏற்பதில்லை. 2008 ஜனவரிக்குப் பிறகு காடு, சதுப்பு போன்ற கரிமச்சத்து மிகுந்த நிலத்தை அழித்து விளைவித்த மூலப்பொருளுக்குத் தகுதி இல்லை என்பதும், உணவுப் பாதுகாப்பும் நில உரிமையும் மதிக்கப்பட வேண்டும் என்பதும் அந்த விதிகளிலேயே இருக்கின்றன.

விமானத்துக்கு நிலம் இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று எண்ணெய்க்கு, மற்றொன்று ஓடுபாதைக்கு. கோவை விமான நிலைய விரிவாக்கத்துக்கு 600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் எடுக்கும் பணி பத்தாண்டுகளுக்கும் மேலாக இழுபட்டது. சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு அந்தக் காத்திருப்பின் வலி தெரியும். நிலத்தை எடுப்பது எளிது, திரும்பக் கொடுப்பது இல்லை என்பதை எரிபொருள் பயிர் பேசும்போதும் மறக்கக் கூடாது.

மக்காச்சோளமும் கரும்பும்

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை இந்தியா 2025இல் எட்டியது. அதற்காக மக்காச்சோளம் பெருமளவில் ஆலைக்குத் திரும்பியது. உடுமலை, பல்லடம் பக்கத்தில் சோளம் போட்டவருக்கு விலை ஏறியதில் மகிழ்ச்சி. ஆனால் அதே சோளத்தை நம்பியிருக்கும் நாமக்கல் முட்டைக் கோழிப் பண்ணையும் பல்லடம் கறிக்கோழிப் பண்ணையும் தீவனச் செலவால் திணறின. 2024இல் நாடு மக்காச்சோளத்தை இறக்குமதி செய்யும் நிலையும் வந்தது.

இப்போது விமானமும் அதே மூட்டைக்குக் கைநீட்டினால் போட்டி மூன்று முனையாகும். கரும்பிலும் இதே கதிதான். பவானி, அமராவதி ஆயக்கட்டுகளில் கரும்புக்குத் தேவை நிலத்தைவிடத் தண்ணீர். கடைமடைக்குத் தண்ணீர் வராத ஆண்டில் விமானத்துக்காகக் கரும்புப் பரப்பைக் கூட்டுவது முறையாகாது. மொலாசஸ் ஏற்கெனவே உள்ள ஆலையின் உபபொருள். அந்த அளவோடு நிற்பதுதான் பொருத்தம்.

அப்படியானால் நமக்கு என்ன வாய்ப்பு?

வாய்ப்பு இருக்கிறது. அது புதிய தோட்டம் போடுவதில் இல்லை, இருக்கும் கழிவைச் சேர்ப்பதில் இருக்கிறது.

பானிபட்டில் உள்ள இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலை, பழைய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிக்க 2025 ஆகஸ்டில் சர்வதேசச் சான்று பெற்றது. திட்டமிட்ட அளவு ஆண்டுக்கு 35,000 டன். நாட்டின் முதல் கட்டத் தேவையின் பெரும்பகுதிக்கு, ஒரு சென்ட் விளைநிலம்கூடத் தேவைப்படாத மூலப்பொருளை முதலில் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். திசை சரியானது.

பழைய எண்ணெய்க்கு வழி கிடைப்பதில் கிராமத்துக் குடும்பங்களுக்கும் நன்மை உண்டு. பெரிய கடைகளில் காய்ந்து கறுத்த எண்ணெய் கைமாறி, சிறு வடைக்கடைச் சட்டிக்கு வந்து சேர்வது புதிதல்ல. எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த எண்ணெய் ஆலைக்குப் போனால் நம் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகாது.

கழிவுத் தேங்காயிலும் ஓர் எச்சரிக்கை தேவை. இன்றும் அது வீணாவதில்லை. கொப்பரையாகி சோப்பு எண்ணெய்க்குப் போகிறது. ஓடு, காங்கேயம் பக்கத்து ஆலைகளில் கரியாகிறது. எனவே விமான எரிபொருளுக்கு வாங்க வருபவர் இந்த விலையைவிடக் கூடுதலாகத் தர வேண்டும். ஐரோப்பாவில் புதிய எண்ணெயையே பழைய எண்ணெய் என்று காட்டி விற்பதாகச் சந்தேகம் எழுந்து விசாரணைகள் நடந்தன. நல்ல காயைக் கழிவென்று காட்டும் ஏமாற்று இங்கே தொடங்கினால், சான்று போய்விடும். சந்தையும் மூடிவிடும். எடைச் சீட்டு, தரம் பிரித்த பதிவேடு ஆகியவற்றை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இப்போதிருந்தே ஒழுங்காக வைத்திருந்தால் நாளை பேரம் பேச அதுவே பலம்.

மரம் நடத்தான் வேண்டும் என்பவருக்குப் புங்கம் ஏற்றது. அதுவும் காடு முழுக்க அல்ல. வரப்பிலும், வாய்க்கால் கரையிலும், சாளையோரத்திலும். நம் மண்ணின் மரம். பயறு வகைக் குடும்பம் என்பதால் வேர் தழைச்சத்தைச் சேர்க்கும். காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். விதையில் 30 முதல் 35 சதவீதம் எண்ணெய். மாட்டுக்கு ஆகாது என்றாலும், 4 சதவீத அளவுக்குத் தழைச்சத்துள்ள பிண்ணாக்கு வயலுக்கு உரம், கரையானுக்கும் தடை. விமானம் வாங்காவிட்டாலும் புங்கம் நமக்கு நட்டமில்லை. எரிபொருளுக்காக எதை நடுவதானாலும் இந்த ஒரு சோதனையை வைத்துப் பார்க்க வேண்டும்: வாங்குபவர் வராமல் போனாலும் அது வீட்டுக்கு உதவுமா?

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பாடம்

விமானத் துறையின் வளங்குன்றா வளர்ச்சி எரிபொருளோடு முடிந்துவிடுவதில்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிச் சில மணி நேரப் பயணத்தில் உள்ள கொச்சி விமான நிலையம், 2015 ஆகஸ்ட் 18 முதல் முழுவதும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையமானது. அன்று 45 ஏக்கரில் 12 மெகாவாட் திறனுள்ள தகடுகள் பதிக்கப்பட்டன. 2018இல் ஐ.நா.வின் உயரிய சுற்றுச்சூழல் விருதும் கிடைத்தது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது தகடுகளுக்குக் கீழே நடந்ததை. தகடு கழுவிய தண்ணீரில் களை மண்டியது. களைக்கொல்லி அடிப்பதற்குப் பதில் அங்கே காய்கறி போட்டார்கள். களையும் அடங்கியது, இயற்கை முறையில் காய்கறியும் கிடைத்தது. ஒரே நிலத்தில் மேலே மின்சாரம், கீழே மகசூல். நிலத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் விளைச்சலை முழுவதும் நிறுத்த வேண்டியதில்லை என்று காட்டிய ஏற்பாடு இது. விரிவாகப்போகும் கோவை விமான நிலையத்திடம் கொங்கு விவசாயிகள் இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. வாங்குபவர் யார்? எண்ணெய் ஆலையா, இடைத்தரகரா, கன்று விற்பவரா? கன்று விற்பதோடு லாபம் முடிந்துவிடுபவர் மகசூலைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்.

2. சொல்லப்படும் மகசூல் எங்கே எடுத்தது? இறவையிலா, மானாவாரியிலா? இதே மழையளவுள்ள ஊரில் ஐந்து வயதுத் தோட்டம் ஒன்றை நேரில் காட்டச் சொல்லுங்கள்.

3. குறைந்தபட்ச விலை தாளில் உள்ளதா? சந்தை விலை ஏறினால் அதில் பங்கு உண்டா?

4. காய்ப்புக்கு வரும்வரை உள்ள ஆண்டுகளில் வருமானத்துக்கு என்ன வழி? ஊடுபயிர் போடலாமா?

5. வாங்க மறுத்தால் இழப்பீடு உண்டா? வழக்கு எந்த ஊரில் நடக்கும்?

6. ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதா? ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தமிழ்நாட்டில் 2019 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகே கையெழுத்திடுங்கள். பதிவுக்கு வர மறுப்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

வாசகர்கள் கேட்பவை

*கேள்வி: தண்ணீர் குறைந்துவிட்டது. மூன்று ஏக்கர் முழுவதும் புங்கம் அல்லது காட்டாமணக்கு போடலாமா?*

வேண்டாம். ஒரே மரத்தை நம்பி முழு நிலத்தையும் விட்டால், ஐந்து ஆண்டு வருமானமும் தீவனமும் போய்விடும். தீவனச் சோளம், உளுந்து, கொள்ளு என்று மானாவாரிப் பயிரைத் தொடர்ந்துகொண்டு, புங்கத்தை வரப்பில் மட்டும் நடுங்கள். ரகம், நடவு இடைவெளி பற்றி மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை பெறலாம்.

*கேள்வி: கழிவுத் தேங்காய்க்கு இப்போதே விமான விலை கிடைக்குமா?*

பட்டியலில் பெயர் வந்திருப்பது முதல் படி மட்டுமே. சான்று பெற்ற கொள்முதல் நிலையமும் ஆலையும் அமைந்தால்தான் விலை வரும். அதுவரை இப்போதைய கொப்பரைச் சந்தைதான். சிலந்தியையும் சுருள் வெள்ளை ஈயையும் கட்டுப்படுத்திக் கழிவையே குறைப்பது அதைவிட உறுதியான லாபம்.

*கேள்வி: வீட்டில் மிஞ்சும் பொரித்த எண்ணெயை என்ன செய்வது?*

மீண்டும் மீண்டும் காய்ச்ச வேண்டாம். சாக்கடையிலும் கிணற்றோரமும் ஊற்ற வேண்டாம். மண்டபம், உணவகம், பலகாரக் கடை உள்ள ஊர்களில் மகளிர் குழுக்கள் சேர்ந்து சேகரிக்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறை அங்கீகரித்த சேகரிப்பாளருக்கு மட்டுமே கொடுக்க வேண்டும்.

*கேள்வி: சூரியத் தகட்டுக்குக் கீழே என்ன போடலாம்?*

அரை நிழல் தாங்கும் மஞ்சள், இஞ்சி, கீரை ஏற்றவை. தகட்டை ஆள் உயரத்துக்கு மேல் அமைத்தால்தான் உள்ளே வேலை செய்ய முடியும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

சத்தியமங்கலத்து மல்லிகை விடியலில் பறிக்கப்பட்டுக் கோவையிலிருந்து விமானமேறி வெளிநாட்டுச் சந்தைக்குப் போகிறது. கொங்கு விவசாயிக்கு விமானம் அன்னியமல்ல, அதன் புகை குறைவதும் நல்லதுதான். மழை தவறினால் முதலில் வாடுவது மானாவாரிக் காடுதானே. அதற்காகக் களத்தில் ஒதுங்கிய காயைக் கொடுக்கலாம், வரப்பில் விழுந்த புங்கங்காயைக் கொடுக்கலாம், கறுத்த எண்ணெயைக் கொடுக்கலாம். கடலைக் காட்டையும் கொரங்காட்டையும் கொடுக்க வேண்டாம். விதைநெல்லைக் கேட்டு யார் வந்தாலும், அது வீட்டிலேயே இருக்கட்டும்.